வேண்டாம் என்று சொன்ன ஹெட் கோச்

கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கொடுமை முழுசாகப் புரியும்.

மெல்பர்னின் தென்கிழக்கில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கிளப். ஆஸ்திரேலியாவில் அமெரிக்கன் ஃபுட்பாலா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இருக்கிறது, பல ஆஸ்திரேலியர்களுக்கே தெரியாது. அவர்களுக்கு ஃபுட்டி என்று சொந்தமாக ஒரு ஃபுட்பால் உண்டு, கிரிக்கெட் உண்டு. அதெல்லாம் போக மிச்சமிருக்கும் மைதானத்தில், மிச்சமிருக்கும் நேரத்தில், ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் முட்டிக்கொள்வார்கள். பார்க்க வருவது அவர்களுடைய மனைவிமாரும் நாய்களும். கடைசிவரை இருப்பது நாய்கள்.

ஆட்டம் சுலபம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். மற்றதெல்லாம் முட்டல்தான். ஆனால் ஒவ்வொரு முட்டலுக்கும் முன்னால், யார் எங்கே நிற்பது, யாரை யார் மறிப்பது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுகளுக்கெல்லாம் மேலே இருக்கும் ஆள் ஹெட் கோச். சம்பளம் கிடையாது. தோற்றால் திட்டு உண்டு.

நான் இந்த ஆட்டத்தை ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. என் உடம்புக்கு அந்தத் தோள்கவசமே பாரம். மல்கிரேவில் நான் வேலை செய்யும் ஆபீசில் ஒரு நண்பன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நடை பழகிய வயதில் இங்கே வந்தவன். நிலைப்படியில் நுழையும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். அவன் அந்த அணியில் முன்வரிசையில் நின்று மறிக்கிற ஆள். "மச்சான், எங்கட மட்சை வீடியோ எடுக்க ஒரு ஆள் வேணும். ஞாயிற்றுக்கிழமை நீ சும்மாதானே கிடக்கிறாய்" என்று அழைத்துப் போனான். சும்மாதான் கிடந்தேன். போனேன்.

மைதான ஓரத்தில் இரும்புச் சாரம் கட்டி, அதன் உச்சியில் கேமராவோடு என்னை ஏற்றிவிட்டார்கள். அப்பா ஊரில் கட்டட வேலைக்குப் போகிறவர். சாரத்தில் ஏறி ஏறித்தான் என்னைப் படிக்கவைத்தார். இவன் சாரத்தில் ஏறக்கூடாது என்பதற்காகவே படிக்கவைத்தார் என்றும் சொல்லலாம். மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, வேலையும் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தின் மேல் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மேலே நின்று பார்த்தால் கீழே தெரியாத ஒன்று தெரியும். இருபத்திரண்டு பேரும் ஒரே படத்தில் நிற்பார்கள். எதிரணி பந்தை எறியப் போகிறதா, கையில் வைத்து ஓடப் போகிறதா என்று அவர்கள் நிற்கிற நிலையிலேயே சொல்லிவிடலாம். முதலில் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு வாக்கி டாக்கியில் கீழே சொன்னேன். பிறகு செவ்வாய்க்கிழமை மாலைகளில் வீடியோவை வெட்டிப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். நூற்றிருபது கிலோ ஆள் தடுக்கி விழுவதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி விழவைத்து, "இங்கே பாருங்கள், நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை, உங்கள் மனைவியைப் பார்க்கிறீர்கள்" என்பேன். அறை சிரிக்கும். அவரும் சிரிப்பார். அடுத்த வாரம் பந்தைப் பார்ப்பார். இப்படியே இரண்டு சீசன் போனதில், தடுப்பு ஆட்டம் முழுக்க என் சொல்படி நடக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ஹெட் கோச் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார்.

கிளப் அறை என்பது ஒரு பழைய கன்டெய்னர், ஒரு கெட்டில், சில பிளாஸ்டிக் நாற்காலிகள். கமிட்டி கூடி என்னை உள்ளே கூப்பிட்டது. பிரசிடென்ட் ஒரு பெண்மணி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், மகன் அணியில் ஆடுகிறான். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "நாங்கள் பேசிவிட்டோம். ஹெட் கோச்சாக நீயே இருக்கிறாயா?"

உள்ளே என்னவோ எழும்பிக் குதித்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பேசியது. "ஐயோ, எனக்கென்ன தெரியும். என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்கள். வேறு நல்ல ஆளாகப் பாருங்களேன்." தலையை லேசாகச் சாய்த்து, ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்துவைத்தேன்.

"நோ வொரீஸ்" என்றார் பிரசிடென்ட். "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. அடுத்தது, சனிக்கிழமை கிளப் நிதிக்குப் போடும் சாசேஜ் கடைக்கு வெங்காயம் யார் நறுக்குவது?"

நான் நறுக்குவதாக ஒப்புக்கொண்டேன். அதை மட்டும் ஒரே தடவையில்.

வெளியே நண்பன் காரில் காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"உனக்கு விசரே? என்னத்துக்கடா வேண்டாம் எண்டனீ?"

"முதல் தடவைதானே கேட்டாங்க."

"அதுக்கு?"

"கேட்டதும் சரின்னு சொன்னா அலையுறான்னு நினைக்க மாட்டாங்களா? மறுபடி கேப்பாங்க. அப்ப சொல்லிக்கலாம்."

"கேக்க மாட்டினம். இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். நீ வேண்டாம் எண்டால் உனக்கு வேண்டாம், அவ்வளவுதான். எங்கட ஆக்களெண்டால் கையைப் பிடிச்சு இழுப்பினம். அவ ஆம்புலன்ஸ்காரி, ஆள் மயக்கம் போட்டால்தான் இழுப்பா."

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டவுன் ஸ்கூலில் சேர்கிறாயா?" என்றபோது வேண்டாம் சார் என்றேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பாவும் வேண்டாங்க என்றார். பிறகு மூன்று பேரும் டீ குடித்தோம். நான் டவுன் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். கல்லூரி, உதவித்தொகை, இந்த நாட்டுக்கு வந்த படிப்பு, எல்லாமே அப்படித்தான். இல்லாத வீட்டுப் பிள்ளை கேட்டதும் கையை நீட்டக்கூடாது, அது எங்கள் மானம். ஒருமுறை மறுத்தவனை மறுபடி கேட்பது கொடுக்கிறவர்களின் மரியாதை. என் வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் நடந்தது.

அம்மாவும் போனில் என் பக்கம்தான் பேசினாள்.

"அடிதடி விளையாட்டாடா? நீ எறங்கி ஆடுறியா?"

"இல்லம்மா. எப்படி ஆடணும்னு சொல்லுவேன்."

"ஆடத் தெரியாமயா?"

"ஆமா."

"கேக்குறாங்களா?"

"கேக்குறாங்க."

"அப்பறம் என்ன. வேண்டாம்னது சரிதான். நாலு நாள்ல வீட்டுக்கு வந்து கேப்பாங்க பாரு. டீத்தூள் வாங்கி வெச்சுக்க."

வாங்கி வைத்தேன். அந்த வாரத்தில் பிரசிடென்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திறந்தேன். கேமரா பேட்டரியை சார்ஜ் செய்யச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் விளம்பரமே வந்துவிட்டது: ஹெட் கோச் தேவை, விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். சும்மா கையில் வைத்துத் தந்ததை விட்டுவிட்டு இப்போது வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அமெரிக்கர் நிற்கிறார் என்றும் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து ஆடியவர், அங்கே ஒரு பள்ளி அணிக்குக் கோச்சாக இருந்தவர், கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். என் வயதைவிட அதிக வருஷம் இந்தப் பந்தோடு இருந்திருக்கிறார்.

விண்ணப்பித்தேன். நண்பன் தன் வீட்டில் வைத்து இன்டர்வியூவுக்குப் பழக்கினான். அவன் பிரசிடென்டாக சோபாவில் சாய்ந்துகொண்டான்.

"சொல்லு. உன்னை ஏன் எடுக்க வேணும்?"

"எல்லாரோட ஒத்துழைப்பும் இருந்தா, ஓரளவுக்கு..."

குஷன் ஒன்று என் முகத்தில் வந்து விழுந்தது. "'நான்' எண்டு தொடங்கு."

"நான் ஒண்ணும் பெரிய..."

இரண்டாவது குஷன். அதற்குள் அவனுடைய அம்மா சமையலறையிலிருந்து உளுந்து வடையோடு வந்தார்.

"தம்பி, ரெண்டு எடுங்கோ."

"இப்பத்தான் சாப்பிட்டேன் ஆன்ட்டி, வேண்டாம்."

நண்பன் தட்டை என் மூக்குக்குக் கீழேயே வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நோ வொரீஸ்" என்றான்.

"என்னடா இது, பிள்ளைக்குக் குடு" என்றார் ஆன்ட்டி.

"அவனுக்கு வேண்டாமாம் அம்மா. அவனே சொன்னவன்."

நான்கு வடையை என் முன்னால் நிதானமாகத் தின்றான். ஐந்தாவதை எடுத்தபோது, "எனக்கு வேணும்" என்றேன். "ஓம், இப்பிடித்தான்" என்று தட்டை நீட்டினான். அந்த வடையைத் தின்றபோது ஏதோ களவு செய்ததைப் போல இருந்தது. நல்லாவும் இருந்தது.

இன்டர்வியூ அன்று கன்டெய்னருக்கு வெளியே அமெரிக்கரைப் பார்த்தேன். முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு தடித்த ஃபைல். "வீடியோ பையன் நீதானே?" என்று கையை நசுக்கிக் குலுக்கினார். "உன் கிளிப் எல்லாம் பார்த்தேன். கண் இருக்கிறது உனக்கு. நீயும் இதற்குத்தான் வந்தாயா?"

"ஆமாம். எனக்கு இந்த வேலை வேண்டும்" என்றேன். பயிற்சியின் வேகத்தில் அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

உள்ளே பிரசிடென்டின் முதல் கேள்வியே அதுதான். "போன மாதம் வேண்டாம் என்றாய். இப்போது என்ன மாறிவிட்டது?"

"ஒன்றும் மாறவில்லை. அப்போதும் வேண்டும்."

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். முதல் தடவை, இரண்டாம் தடவை, ஹெட்மாஸ்டர், டீ. பிரசிடென்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"இரு. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாய்."

"ஆமாம்."

"அதுவும் இப்படித்தானா?"

"சட்டையை அயர்ன் செய்து வைத்திருந்தேன்."

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் தோள் குலுங்கியது. "அன்றைக்கு எவ்வளவு இறால் மிஞ்சியது தெரியுமா" என்றார்.

அப்புறம் ஆட்டத்துக்கு வந்தார்கள். நான்காவது வாய்ப்பு, இன்னும் இரண்டு கெஜம் வேண்டும், மைதானத்தின் நடுவில் நிற்கிறோம். பந்தைத் தூர உதைத்து எதிராளியிடம் விட்டுவிடுவாயா, முட்டிப் பார்ப்பாயா? வழக்கமாக உதைத்துத் தூரத்தில் தள்ளிவிடுவதுதான் பத்திரம்.

"முட்டிப் பார்ப்பேன்."

"ஏன்?"

"நம் ஆள் உதைத்தால் பந்து தூரமாகப் போவதில்லை. மேலே போகிறது, அங்கேயே விழுகிறது. அதற்கு முட்டியே பார்க்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நம் அணிக்கு உதைக்கிற ஆள்தான் கமிட்டியின் பொருளாளர். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எத்தனையோ குஷன் தேவைப்பட்டது. அடுத்தவர் குறையைச் சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை.

"உண்மைதான்" என்றார் பொருளாளர். "காற்று அடித்தால் பின்னாலும் போகும்."

கடைசியாக, ஆட்டத் திட்டங்களை என்ன செய்வாய் என்று கேட்டார்கள். இருப்பதில் பாதியைத் தூக்கிவிடுவேன், ஒன்பது போதும் என்றேன். நம் ஆட்கள் பகலெல்லாம் குழாய் மாட்டிவிட்டு, லாரி ஓட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கு மேல் சொன்னால் ஹெல்மெட்டுக்குள் ஆளுக்கொரு திட்டம் ஓடுகிறது, வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது என்றேன்.

இரண்டு நாள் கழித்து பிரசிடென்ட் போன் செய்தார்.

"அந்த மனிதரின் ஃபைலில் நூறு திட்டம் இருந்தது. எல்லாம் அருமை. என் மகனுக்கு வீட்டு விலாசமே நினைவில் நிற்காது. நாங்கள் உன்னை..."

"சரி" என்றேன்.

"முழுசாகக் கேள். ஒரு நிபந்தனை இருக்கிறது. உனக்கு வயது கம்மி, நீ ஆடியதும் இல்லை. பக்கத்தில் ஆடிய ஆள் ஒருவர் துணைக் கோச்சாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கமிட்டி ஒத்துக்கொள்ளாது. நான் அந்த அமெரிக்கரிடமே கேட்டுப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு யாரையாவது மாதக் கடைசிக்குள் கண்டுபிடி."

"எத்தனை தடவை கேட்டீர்கள்?"

"என்ன எத்தனை தடவை? கேட்டேன், முடியாது என்றார்."

போனை வைத்துவிட்டு நண்பனிடம் சொன்னேன். "அந்தாள் வெள்ளைக்காரன் மச்சான். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். போய்க் கரைச்சல் குடுக்காதே" என்றான். ஊரெல்லாம் யோசித்துப் பார்த்தோம். இந்த ஆட்டத்தை ஆடிய, காலியாக இருக்கிற, தமிழ் ஆள் சொன்னால் கேட்கிற வேறு ஒருவரும் எங்கள் கண்ணுக்குத் தென்படவில்லை.

அமெரிக்கரின் வீடு த பேசின் என்கிற ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில். அங்கே பிள்ளையார் கோயில் இருப்பதால் சனிக்கிழமை காலை நண்பனின் காரில் கும்பிடப் போனோம். கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடும் காலில் செருப்போடும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் லேப்டாப். நண்பன் நான் இதில் இல்லை என்று காரிலேயே இருந்துகொண்டான்.

வேலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்கப் போகிறவர்கள் முதலில் அதைப் பேசக்கூடாது. ஹெட்மாஸ்டரும் எங்கள் வீட்டில் முதலில் மழையைப் பற்றித்தான் பேசினார். "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று கார் நிறுத்துகிற சரிவிலேயே லேப்டாப்பைத் திறந்து, நண்பன் எதிராளியைத் தடுக்க முடியாமல் மல்லாக்க விழும் காட்சியைப் போட்டேன். "எங்கே தப்பு என்று தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை."

அவர் குனிந்து பார்த்தார். மறுபடி போடு என்றார். பிறகு நிமிர்ந்து, "அங்கே நில். கையைத் தூக்கு. என்னைத் தடு" என்றார்.

தடுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது குப்பைத் தொட்டியும் ஆகாயமும். செருப்பு ஒன்று சரிவில் உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது.

"பின்னங்கால்" என்றார் எனக்கு மேலே நின்றுகொண்டு. "பார்த்தாயா, அது எங்கே இருந்தது?"

சத்தம் கேட்டு நண்பன் காரைவிட்டு இறங்கி ஓடி வந்தான். "ஓ, விழுகிறவன் இவனா" என்று அவர் அவனைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை அவனும் தொட்டிக்குப் போனான். இரண்டாம் தடவை பாதி தூரம் போனான். அவர் மண்டியிட்டு அவன் பாதத்தைக் கையாலேயே பிடித்துத் திருப்பிவைத்தார். திரும்பத் திரும்ப மோதினார். கடைசியில் நண்பன் புல்லில் குதிகாலை ஊன்றி, அசையாமல் நின்றான். அமெரிக்கர்தான் ஓரடி பின்னால் போனார். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அவருடைய மனைவி ஜன்னலைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றார்.

இதுதான் சமயம் என்று தோன்றியது. "எங்களோடு துணைக் கோச்சாக வருகிறீர்களா?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போன வாரமே உங்கள் பிரசிடென்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேனே."

"தெரியும். அது முதல் தடவை."

"என்ன அர்த்தம்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே, "இவர்கள் ஊரில் அப்படித்தான் சார்" என்றான். "முதல் தடவை சொல்வதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்."

"நான் அந்த ஊர் இல்லையே."

"நீங்கள் இல்லை" என்றேன். "கேட்கிற நான் அந்த ஊர். எனக்கு இந்த வேலை வேண்டும். நீங்கள் வந்தால்தான் கிடைக்கும். அதற்காக மட்டும் கேட்கவில்லை. விழுகிறவர்களை எனக்குக் காட்டத் தெரியும். நிற்கவைக்கத் தெரியாது."

அவர் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தார். அதில் நண்பன் மல்லாக்க விழுந்தபடி நின்றுபோயிருந்தான்.

"இப்போதும் முடியாது என்றால்?"

"வழக்கமாக மூன்று தடவை கேட்போம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்துபோனார். என் செருப்பை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

"செவ்வாய் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"நல்லது" என்றார். "இதைப் போட்டுக்கொண்டு மட்டும் என் மைதானத்துக்கு வராதே."

என் மைதானம் என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை.